மூன்று நாள் தியானமா, மாதம் ஒரு மௌன நேரமா? பங்குப்பேரவை முடிவெடுக்கும் முன்

தவக்காலமோ திருவருகைக்காலமோ நெருங்கும்போது, கத்தோலிக்கப் பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையின் கூட்டத்தில் தவறாமல் எழும் கேள்வி, "இந்த வருடம் தியானம் கொடுக்க யாரைக் கூப்பிடலாம்?" கேள்வி இப்படித் தொடங்கிவிட்டால் பேச்சாளர் ஒருவரைத் தேடுவதிலேயே கூட்டம் முடிந்துவிடும். என்ன வடிவம், யாருக்காக, எவ்வளவு நேரம் என்ற பேச்சுக்கே இடம் இராது. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 770ஆம் எண் இதில் நமக்குத் தாராளமாகவே இடம் தருகிறது. பங்குத்தந்தை குறிப்பிட்ட காலங்களில் ஆன்மிகப் பயிற்சிகளையோ, மறையுரைத் தியானங்களையோ, மக்களின் தேவைக்குப் பொருந்தும் வேறு வடிவங்களையோ ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அது. அந்த மூன்றாவதைப் பெரும்பாலான பங்குகள் பயன்படுத்துவதே இல்லை.

வடிவங்களை ஒப்பிட எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வந்தவர் ஒருவர், யாரும் பேசாமல், யாரும் பாடாமல், கடவுளோடு தனியாக இருந்த நிமிடங்கள் எத்தனை? கூட்டம் எவ்வளவு, எத்தனை உரைகள், எவ்வளவு உருக்கம் என்பதெல்லாம் பிறகு. மாற்கு 6ஆம் அதிகாரத்தில் பணிக்குப் போய்த் திரும்பிய திருத்தூதர்களுக்கு உண்ணவும் நேரம் கிடைக்கவில்லை. அப்போதுதான் இயேசு அவர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறச் சொல்கிறார். அங்கே அவர்களுக்குக் கூடுதல் போதனை தேவைப்படவில்லை. பங்கிலும் ஓய்வு மிகவும் தேவைப்படுவது ஓயாமல் உழைப்பவர்களுக்குத்தான்: மறைக்கல்வி ஆசிரியர்கள், பாடற்குழுவினர், அன்பியப் (அண்டைவீட்டார் செபக்குழு) பொறுப்பாளர்கள், கோவில்பிள்ளை (கோவில் பணியாளர்), பங்குத்தந்தை. தியானம் நடக்கும் நாட்களில் நாற்காலி போடுவதும் ஒலிபெருக்கி பார்ப்பதும் உணவு பரிமாறுவதும் இவர்கள்தான் என்பதால், தியானத்தில் கலந்துகொள்ளாதவர்களும் இவர்களே. எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் இதை முதலில் சரிசெய்ய வேண்டும். பக்கத்துப் பங்கோடு பேசி, அவர்கள் நாளில் நீங்கள் வேலை செய்வது, உங்கள் நாளில் அவர்கள் வேலை செய்வது என்று மாற்றிக்கொண்டால் போதும்.

மூன்று நாள் மறையுரைத் தியானம்

நாம் நன்கு பழகிய வடிவம் இது. இதன் வேர் நாட்டுப்புற மக்களிடையே நடந்த மறையுரைப் பணியில் இருக்கிறது. 1625இல் வின்சென்ட் தே பவுல் தொடங்கிய சபையும், 1732இல் அல்போன்ஸ் லிகோரி தொடங்கிய சபையும் இதற்காகவே பிறந்தன. அடிப்படை மறைபோதனை, மனமாற்றத்துக்கான அழைப்பு, நல்ல பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) ஆகியவையே அப்பணியின் உள்ளடக்கம். இன்றும் இது அதற்கே மிகவும் ஏற்றது. நெடுநாள் கோவில் பக்கம் வராதவர்களை அழைத்துவர, மனத்தாங்கலோடு பிரிந்து நிற்கும் குடும்பங்களை ஒப்புரவாக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் நமது அளவுகோலில் இது தேறாது. மாலைக்கு இரண்டு மணி நேரம் என்று மூன்று மாலைக்கு ஆறு மணி நேரம். செபமாலை, பாடல், முதல் உரை, மீண்டும் பாடல், இரண்டாம் உரை, திருப்பலி. இவற்றுக்கிடையே மௌனம் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அந்தப் பத்து நிமிடத்திலும் யாராவது கீபோர்டில் மெல்லிசை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். மௌனத்தை இசையால் நிரப்புவது நல்ல எண்ணத்தில் நடப்பதுதான். ஆனால் மக்கள் இசையைக் கேட்பார்களே தவிர தங்கள் உள்ளத்தைக் கேட்க மாட்டார்கள்.

இந்த வடிவத்தையே வைத்துக்கொள்வதென்றால் இரண்டு மாற்றங்கள் அவசியம். இரண்டாம் உரையை எடுத்துவிடுங்கள். முதல் உரை 35 நிமிடத்தில் முடியட்டும். உரையாளர் ஒரே ஒரு கேள்வியைத் தந்துவிட்டு அமரட்டும். அதன்பின் விளக்குகளைச் சற்றுக் குறைத்து 15 நிமிடம் முழு மௌனம். அடுத்தது பாவசங்கீர்த்தனக் கணக்கு. 200 பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 1000 நிமிடம், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம். நான்கு அருள்பணியாளர்கள் அமர்ந்தாலும் ஒருவருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதைக் கடைசி நாள் மாலைக்கு ஒதுக்கி வைப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு. வரிசை நீளும், ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது, முதியவர்கள் நிற்க முடியாமல் வீடு திரும்புவார்கள். முதல் மாலையிலிருந்தே, உரைக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் என்று பிரித்தால் நான்கு பேரால் பொறுமையாகக் கேட்க முடியும்.

ஒருநாள் தியானம்

நிறுத்தி நிதானிக்க நினைக்கும் பங்குக்கு நடைமுறையில் சிறந்தது இதுவே. ஆயினும் சரியாக வகுத்தால்தான் பயன். இல்லாவிட்டால் மூன்று நாள் பேச்சை ஒரே நாளில் திணித்ததாக முடியும். 40 முதல் 50 பேருக்கான நாள் ஒன்று இப்படி அமையலாம்.

காலை 9 மணிக்கு வருகை. 9.15க்குத் தொடக்கச் செபம். அலைபேசிகளை அணைத்துப் பைக்குள் வைக்கும்படி அப்போதே சொல்லிவிட வேண்டும். 9.30க்கு முதல் சிந்தனை, 25 நிமிடம். 9.55 முதல் 10.55 வரை தனிச்செபம். 20 நிமிடம் தேநீர், பேச்சின்றி. 11.15க்கு இரண்டாம் சிந்தனை, 20 நிமிடம். 11.35 முதல் ஒரு மணி நேரம் மீண்டும் தனிச்செபம், விரும்புவோருக்குப் பாவசங்கீர்த்தனம். 12.35க்கு உணவு. 1.15 முதல் 2 மணி வரை ஓய்வு அல்லது மெதுவான நடை. 2 மணிக்கு நற்கருணை ஆராதனை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தின் முன் செபித்தல்), 35 நிமிடம். 2.35க்கு ஐவர் ஐவராகப் பகிர்வு. 3.15க்குத் திருப்பலி. 4 மணிக்கு வீடு திரும்பலாம். இரு தனிச்செப வேளைகளும் ஓய்வு நேரமும் ஆராதனையின் மௌனமும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் தனிமை கிடைக்கிறது.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். முதலாவது, இடம். சொந்தப் பங்கு மண்டபத்தில் வைத்தால் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு ஒருவர் வருவார், திறவுகோல் கேட்டு இன்னொருவர் வருவார், பங்குத்தந்தை பாதியில் எழுந்து போவார். தியான இல்லம் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பங்கின் வளாகமாவது போதும். வீட்டையும் கோவிலையும் பார்க்காத தூரம் முக்கியம். இரண்டாவது, உரையின் நீளம். 25 நிமிடம் 50 ஆகும்போது வெட்டுப்படுவது தனிச்செபம்தான். நேரம் பார்க்க ஒருவரை நியமித்து, அவர் கையில் மணியைக் கொடுத்துவிட வேண்டும். உரையாளரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. மூன்றாவது, கையில் தரும் தாள். ஐந்து பக்கம் கொடுத்தால் மக்கள் அதைப் படித்து முடிப்பதையே வேலையாக எடுத்துக்கொள்வார்கள். அரைத்தாளில் ஒரு விவிலியப் பகுதி, இரண்டு கேள்விகள், அவ்வளவே.

நான்காவதுதான் பலர் கவனிக்காதது. மௌனம் மதிய உணவில் உடைந்தால் பிற்பகலில் திரும்ப வராது. உணவின்போதும் மௌனம் காக்கும் குழு என்றால், ஒருவர் ஏதேனும் ஒரு புனிதர் வரலாற்றை மெதுவாக வாசிக்கட்டும். அதற்குப் பழகாத குழு என்றால், அந்த நாள் முழுவதையுமே மதியம் 12.30க்குத் திருப்பலியோடு முடித்துவிட்டு, பிறகு பேசிக்கொண்டே சாப்பிடட்டும். முதல்முறை வருவோருக்கு இந்த அரைநாள் வடிவமே நல்லது. மௌனத்தையும் படிப்படியாகக் கூட்ட வேண்டும்: முதல் வேளை 20 நிமிடம், அடுத்தது 30, பிறகு 40. எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் தனியே விட்டால் பழக்கமில்லாதவர் பத்தாம் நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. மௌனத்தில் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் சிந்தனையிலேயே அதைச் சொல்லலாம்: பகுதியை இருமுறை மெதுவாக வாசியுங்கள், மனம் நின்ற சொல்லில் நில்லுங்கள், மனம் அலைந்தால் சினம்கொள்ளாமல் அந்தச் சொல்லுக்கே திரும்புங்கள், முடிவில் ஆண்டவரிடம் உங்கள் சொந்த வார்த்தையில் பேசுங்கள்.

கைக்குழந்தை உள்ள தாய்மாரும், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் இந்த நாளுக்கு வர முடியாது. அவர்களை விட்டுவிடுவது எளிது என்பதால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டு அரைநாட்கள் வைத்தால் கணவனும் மனைவியும் மாறிமாறி வரலாம்.

திருமணிநேர ஆராதனை

மாதம் ஒருமுறையோ வாரம் ஒருமுறையோ ஒரு மணி நேரம். ஏற்பாடு குறைவு, தொடர்ச்சி அதிகம் என்பதே இதன் பலம். விதிகள் சில உண்டு. திருப்பலிக்கு வெளியே நற்கருணை வணக்கம் பற்றிய 1973ஆம் ஆண்டின் திருச்சடங்கு நூல், ஆசீர் வழங்குவதற்காக மட்டும் நற்கருணையை எழுந்தேற்றம் செய்வதை (எல்லோரும் காணும்படி வெளியே வைப்பதை) தடைசெய்கிறது. இறைவார்த்தை, பாடல், மன்றாட்டு, போதிய மௌனச் செபம் ஆகியவை இருக்க வேண்டும். ஆசீர் வழங்குபவர் அருள்பணியாளரோ திருத்தொண்டரோதான். அவர்கள் இல்லாத சூழலில் பீடத்துணையாளரோ, நற்கருணைப் பணியாளரோ, ஆயரால் நியமிக்கப்பட்டவரோ எழுந்தேற்றம் செய்து மீண்டும் பேழையில் வைக்கலாம். ஆசீர் மட்டும் கிடையாது (சட்டம் 943). பங்குத்தந்தை ஊரில் இல்லாததால் ஆராதனையையே நிறுத்திவிடும் பங்குகள் இதைக் கவனிக்கலாம். நற்கருணை எழுந்தேற்றமாக இருக்கும் அதே இடத்தில் திருப்பலி நிகழ்த்தக் கூடாது என்பதும் சட்டம் (941 §2).

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: பாடலும் தூபமும் 5 நிமிடம், இறைவார்த்தை 5, மௌனம் 15, திருப்பாடல் 3, மௌனம் 15, மன்றாட்டு 5, மௌனம் 5, ஆசீர் 7. மௌனம் மட்டும் 35 நிமிடம். ஆனால் நடைமுறையில் ஆராதனையை நடத்துபவர் புத்தகத்தைத் திறந்து செபம் செபமாக வாசித்துக்கொண்டே போவார். அவருக்கு மௌனம் தன் பொறுப்பில் விழுந்த ஓட்டையாகத் தெரிகிறது. நிமிடக் கணக்கை எழுதி அவர் கையில் கொடுப்பதும், "இப்போது 15 நிமிடம் மௌனமாக இருப்போம்" என்று நேரத்தைச் சொல்லியே தொடங்கச் செய்வதும் இதைச் சரிசெய்துவிடும். எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் மக்களும் நிம்மதியாக அமர்வார்கள்.

பெரிய வடிவமாக, திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் 2014இல் தொடங்கிய ‘ஆண்டவருக்காக 24 மணி நேரம்’ உண்டு. தவக்கால 4ஆம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனியில் ஆராதனையோடு ஒப்புரவு அருட்சாதனமும் (பாவசங்கீர்த்தனம்) சேர்ந்து நடக்கும். எழுந்தேற்றம் செய்த நற்கருணையின் முன் ஆளில்லாமல் விடக் கூடாது என்பதால் மணிக்கு இருவர் என்று வைத்தாலும் 48 பெயர்கள் வேண்டும். நள்ளிரவு 12 முதல் 4 வரைதான் பட்டியல் காலியாக இருக்கும். அந்த நேரத்தை முதலில் நிரப்புங்கள், மற்றவை தானே நிரம்பும். 48 பேர் உறுதியாகக் கிடைக்காவிட்டால் 12 மணி நேரமாக நடத்துவதில் குறைவொன்றும் இல்லை.

இறைவார்த்தைச் செபக்குழு

12ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ வகுத்த நான்கு படிகள்: வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், ஆழ்ந்திருத்தல். 2010இல் வெளியான ‘ஆண்டவரின் வார்த்தை’ என்னும் மடலில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், இவை செயலில் கனியும்போதே நிறைவுபெறுகின்றன என்று சேர்த்தார். 8 முதல் 12 பேர், 75 நிமிடம், அடுத்த ஞாயிறு நற்செய்தியிலிருந்து 8 முதல் 12 வசனங்கள். இருமுறை வாசித்து, பத்து நிமிடம் மௌனம். மனத்தில் நின்ற சொல்லை மட்டும் ஒவ்வொருவரும் சொல்வது. மூன்றாம் வாசிப்பு, மீண்டும் பத்து நிமிடம். பகிர்வு, ஆளுக்கு இரண்டு நிமிடம். இறுதியாகப் பத்து நிமிட மௌனமும் செபமும்.

இது விவிலிய வகுப்பாக மாறிவிடுவதே முதல் ஆபத்து. விவரம் தெரிந்த ஒருவர் விளக்கத் தொடங்கினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டாவது, ஒருவர் தன் வேதனையைச் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் அறிவுரையில் இறங்குவது. ‘பதில் இல்லை, திருத்தம் இல்லை, இங்கே கேட்டது வெளியே இல்லை’ என்ற மூன்று விதிகளை ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் சொல்லத்தான் வேண்டும். இதை நடத்த அருள்பணியாளர் தேவையில்லை. அவர் அமர்ந்தால் எல்லோர் கண்ணும் விளக்கத்துக்காக அவரையே நோக்கும்.

இளைஞர்களுக்கும் பிற கிறிஸ்தவ சபையினரோடு சேர்ந்து செபிக்கவும் தெய்சே முறை பொருத்தம். 1940இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய அந்தக் குழுமத்தின் செபத்தில் சிறிய பாடல் வரிகள் திரும்பத்திரும்பப் பாடப்படும், நடுவில் நீண்ட மௌனம் இருக்கும். அந்த மௌனத்தைச் சுருக்கிப் பாடல்களைக் கூட்டினால் அது பாடல் மாலையாகிவிடும்.

அன்றாட வாழ்வில் ஆன்மிகப் பயிற்சி

புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் நூல் 1548இல் திருத்தந்தை 3ஆம் பவுலின் ஒப்புதலோடு வெளிவந்தது. முழுப் பயிற்சி ஏறத்தாழ 30 நாள். ஆனால் அலுவல்களை விட முடியாதவர் வீட்டிலிருந்தே நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம் என்று அந்நூலின் 19ஆம் முற்குறிப்பே வழிவகுக்கிறது. பங்குகளுக்கு இதன் சிறு வடிவம் உதவும்: ஒரு வாரம், நாளுக்கு அரைமணி நேரம் வீட்டில் செபம், அரைமணி நேரம் வழிகாட்டியோடு தனி உரையாடல்.

ஆழத்தில் இதற்கு இணை இல்லை. தடை, வழிகாட்டிகளின் எண்ணிக்கை. ஒரு வழிகாட்டி நாளொன்றுக்கு ஐந்து பேரைத்தான் கவனமாகக் கேட்க முடியும். 20 பேருக்கு நால்வர் வேண்டும், நால்வரும் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். ஆர்வமுள்ள எவரையும் அமர்த்தினால் அது அறிவுரை மன்றமாகிவிடும். சந்திப்பு, வெளியிலிருந்து பார்க்கக்கூடிய அறையில் நடக்கட்டும். அண்மையில் பெரும் இழப்பைச் சந்தித்தவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோரை நீண்ட மௌனத்துக்குள் அனுப்பக் கூடாது. பெயர் பதிவின்போதே வழிகாட்டி தனியே பேசி, அவர்களுக்குக் குறுகிய செபமும் துணையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஞாயிறு திருப்பலியிலேயே இருக்கும் மௌனம்

எல்லோரும் கடந்துபோகும் வாய்ப்பு இதுதான். திருப்பலி நூலின் பொது விதிமுறை, எண் 45, மௌனத்தைத் திருப்பலியின் பகுதியாகவே குறிப்பிடுகிறது: மனத்துயர் வழிபாட்டில், ‘மன்றாடுவோமாக’ என்றபின், வாசகத்துக்கோ மறையுரைக்கோ பின், நற்கருணை வாங்கியபின். திருப்பலிக்கு முன்பே கோவிலிலும் சக்கிறிஸ்தியிலும் (குரு திருவுடை அணியும் அறை) அமைதி காப்பது நல்லது என்றும் சொல்கிறது. மறையுரைக்குப்பின் இரண்டு நிமிடம், நற்கருணைக்குப்பின் மூன்று, மற்ற இடங்களில் சேர்த்து ஒரு நிமிடம் என்று வையுங்கள். ஞாயிறுக்கு 6 நிமிடம், ஆண்டுக்கு 52 ஞாயிறு, மொத்தம் 312 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கும் மேல். ஒருநாள் தியானத்தில் கிடைப்பதைவிட அதிகம். அதுவும் தியானத்துக்கு வராதவர்கள் உட்பட அனைவருக்கும். நீண்ட நேரம் அமர்வதன் ஆழம் இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் மௌனத்துக்கு மக்களைப் பழக்க இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

தடையாக வருவது நற்கருணைக்குப்பின் பாடற்குழு தொடங்கும் இரண்டாம் பாடலும், உடனே எழும் அறிவிப்புகளும். பாடற்குழுத் தலைவரிடம் முன்கூட்டியே அன்போடு பேசி, நற்கருணைப் பாடல் முடிந்ததும் குருவானவர் எழும்வரை எந்த இசையும் இல்லை என்று முடிவு செய்யுங்கள். குருவானவர் அமர வேண்டும். நின்றுகொண்டிருந்தால் அவர் எதையோ தேடுகிறார் என்று மக்கள் நினைப்பார்கள். முதல் ஞாயிறு ஒரே வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு, முதல் மாதம் ஒரு நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். குழந்தை அழும், யாரோ இருமுவார்கள். அதற்காக மௌனத்தைக் கலைக்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது?

பங்கில் பலர் விலகி நிற்கிறார்கள், பாவசங்கீர்த்தனம் அருகிவிட்டது என்றால் மூன்று நாள் தியானமே முதலில், மேலே சொன்ன திருத்தங்களோடு. பொறுப்பாளர்கள் களைத்து, கூட்டங்களில் எரிச்சலும் சிறு சண்டைகளும் தலைகாட்டுகின்றன என்றால் அவர்களுக்கு மட்டுமான அரைநாளை உடனே குறியுங்கள். பங்கு முழுவதற்குமான திட்டம் காத்திருக்கலாம். ஆள்பலமும் வழிகாட்டிகளும் இல்லாத சிறு பங்கு, ஞாயிறு மௌனத்தோடு மாதம் ஒரு திருமணிநேரத்தைச் சேர்த்துக்கொண்டாலே நிறைவாக நடக்கும். இவற்றில் ஓராண்டு பழகிய பங்குதான் வழிகாட்டலோடு கூடிய செபவாரத்துக்குப் போக வேண்டும்; வழிகாட்டிகளாகக் கூடிய இருவர் மூவரை அந்த ஆண்டிலேயே பயிற்சிக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் தொடங்குவதை மட்டும் செய்யாதீர்கள். நிகழ்ச்சி முடிந்த மாலையே கருத்துத் தாள் கொடுத்தால் நன்றியுரை மட்டுமே வரும். நான்கு வாரம் கழித்து, வந்தவர்களில் பத்துப் பேரிடம் நேரில் கேளுங்கள்: நாள்தோறும் செபத்துக்கென்று ஒரு நேரம் நிலைத்திருக்கிறதா, எத்தனை நிமிடம், எந்த இடத்தில் தடைபடுகிறது? அந்தப் பதில்களை எழுதி, அடுத்த ஆண்டுக்கான தேதிகளைக் குறிக்கும் கூட்டத்தில் முதல் பொருளாக வாசியுங்கள்.